பிடியரிசி போடாத நாட்கள்

3 நவம்பர் 1986, திங்கள்

விடியற்காலையிலிருந்தே தூறல். துணி காயாது. அடுத்த வீட்டு மைமூன் அக்கா ஜாக்கெட் இரண்டு, கொக்கி தைப்பது பாக்கி. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

அவர் முதல் பஸ்ஸுக்கு ஒட்டன்சத்திரம் போனார். அங்கிருந்து லாரியில் தக்காளி லோடு, கோட்டயம். எப்போதும் வாசலில் நின்று ஒரு வார்த்தை ஜெபம் பண்ணித்தான் அனுப்புவேன். இன்று இல்லை. நேற்று ஆராதனைக்கு வராமல் தூங்கினாரே என்று ஆரம்பித்த சண்டை, காலையிலும் ஆறவில்லை. "ஆண்டவர் நெனப்பே இல்லாத ஆளு நீங்க" என்றேன். "ஆமா, அம்புட்டு நெனப்பையும் நீயே வச்சுக்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். டீ கூடக் குடிக்கவில்லை.

நேற்று போதகர் சொன்னது: எந்த வேலை செய்தாலும் ஆண்டவர் பக்கத்தில் நிற்கிறார் என்று நினையுங்கள். நினைத்தேன். பாத்திரம் கழுவும்போது ஒரு தரம். அப்புறம் மறந்துவிட்டது. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசி எடுத்து, சபைக்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போட்டேன். கல்யாணமானதிலிருந்து போடுகிறேன். கைதான் போட்டது. மனசு சண்டையிலேயே இருந்தது.

4 செவ்வாய்

மழை வலுத்துவிட்டது. மகள் கிரேஸுக்குப் பள்ளிக்கூடம் லீவு. கூரையில் ஒழுகும் இடம் புதிதாக ஒன்று.

ரேடியோவில் செய்தி: குமுளி மலைப்பாதையில், அவர் போகிற வழிதான், மண் சரிவு, போக்குவரத்து நிறுத்தம். லாரி ஏதாவது அகப்பட்டதா, சொல்லவில்லை. அடுத்தது விளையாட்டுச் செய்தி. பிடியரிசி போட்டேனா? போட்டிருப்பேன். ஞாபகம் இல்லை.

5 புதன்

வர வேண்டிய நாள். வரவில்லை. ஒவ்வொரு ஹாரனுக்கும் எழுந்து வாசலுக்கு. தையல் கோணல். பிரித்துத் தைத்தேன், மறுபடி கோணல்.

ஜெபம் பண்ண முட்டி போட்டால் அவர் செருப்பு மாட்டினதுதான் கண்ணில் நிற்கிறது. ஆண்டவர் எங்கே இருக்கிறார்? இந்த அறையிலா, அந்த மலையிலா? இரண்டு இடத்திலும் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

சாயங்காலம் அரிசி அளந்தேன். எடுத்த பிடியைத் திரும்ப அரிசிப் பானையிலேயே போட்டேன். வாய்விட்டே சொன்னேன்: "அவரக் கொண்டாந்து விடும். அப்புறம் போடுறேன்."

"யார்ட்டம்மா பேசுற?" என்றாள் கிரேஸ்.

"ஒன் வேலயப் பாரு."

6 வியாழன்

ஒ.சத்திரம் போனேன். மார்க்கெட்டில் கணுக்கால் அளவு சேறு, அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். அவருக்கு லோடு ஏற்றிவிடும் மண்டிக் கணக்குப்பிள்ளை எழுந்து நாற்காலி போட்டார். "ஏனுங்க, நீங்க இவ்வளவு தூரம் வரோணுங்களா? போன் லைனே கெடைக்கலீங்க. நம்ம வண்டி மட்டுமில்லீங்க, நெறைய வண்டி நிக்குதாமா. ஒண்ணும் ஆகாதுங்க."

ஒன்றும் ஆகாது என்று இவருக்கு யார் சொன்னது? டீ வரவழைத்தார். குடித்தேன், ருசி தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில், பழநிக்குப் போய் வந்த ஒருத்தி மொட்டையடித்த குழந்தையை என் மடியில் தூங்க விட்டாள். அவள் இறங்கும் வரை மனசு கொஞ்சம் அடங்கியிருந்தது.

இன்றும் பி.அரிசி போடவில்லை. பிடிவாதம்தான். தெரிகிறது.

7 வெள்ளி

வெயில். மைமூன் அக்கா மீன் குழம்போடு வந்தாள். "எங்க வீட்ல ஜும்மாவுல ஒன் வீட்டுக்காரருக்கும் துவா கேட்டுட்டு வந்திருக்காக. மொதல்ல சாப்புடு எஸ்தரு."

அவள் போனபிறகு அழுதேன். அந்த வீட்டில் எங்களுக்காகக் கேட்கிறார்கள். நான் இங்கே பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். டப்பாவைத் திறந்தேன். கை போகவில்லை. இப்போது வெட்கம். மூடிவிட்டேன்.

ஜாக்கெட் இன்னும் முடியவில்லை. அக்கா கேட்கவும் இல்லை.

8 சனி

வந்துவிட்டார்!

மத்தியானம். தாடி, சட்டையெல்லாம் செம்மண். கிரேஸ் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கத்தினேன், "சொல்லிவிட ஒரு ஆள் கெடைக்கலயா?" கத்திவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

முன்னாலும் மண் சரிவு, பின்னாலும் மண் சரிவு, நடுவில் வண்டிகள். தக்காளி அவ்வளவும் அழுகி அங்கேயே கொட்டியாயிற்று. கொண்டுபோன அரிசி முதல் நாளே தீர்ந்ததாம். சேற்றில் நடந்து போய்க் கேரளத்துச் சிவப்பு அரிசி வாங்கி வந்து, வண்டி ஓரத்தில் ஸ்டவ் வைத்துப் பொங்கினார்களாம். "சோத்துக்கு வெஞ்சனம் தக்காளிதான், எல்லா வேளையும். இனி ஒரு மாசத்துக்கு வீட்ல தக்காளி வாங்காத தாயி." கிரேஸ் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

குளித்துவிட்டு வந்தவர் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து நீட்டினார். உள்ளே சிவப்பு அரிசி.

"என்னங்க இது?"

"பொங்குறப்பல்லாம் ஒரு பிடி எடுத்து வச்சேன். நீ எடுப்பேல்ல, அதான். ஒன் டப்பால போட்டுரு." அவ்வளவுதான். அடுத்த பேச்சு, சோறு ஆயிருச்சா என்று.

டப்பாவைத் திறந்தேன். நான் போட்டது செவ்வாய்க்கிழமையோடு நிற்கிறது. அவர் எட்டிப் பார்த்துவிடாதபடி முதுகைக் காட்டி நின்று முடிச்சை அவிழ்த்துக் கொட்டினேன். என் வெள்ளை அரிசி தெரியாமல் மூடிக்கொண்டது.

"இம்புட்டு நேரமா அங்க என்ன பண்ற?" என்றார்.

"வாரேன்" என்றேன். டப்பாவை மூடிவிட்டு அவருக்குத் தட்டு எடுத்து வைத்தேன்.