ஆகாமல் இருப்பதற்கு தினமும் வேலை

இன்று காலை ஆய்வகத்தில் அணுக்களை வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும் மஞ்சளடித்த ஒரு தட்டு கண்ணில் பட்டது. ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய திரவம். யாரோ நேற்று மாற்ற மறந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் வர வேண்டிய கோபம் உன் மேல் வந்தது. நீ போய் இத்தனை வருடமாகியும் உன்னோடு சண்டை போடுவதை நான் விடவில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில்தான் பழகினோம். நீ உத்தனப்பள்ளியிலிருந்து வருவாய். நான் சிப்காட் தொழிலாளி வீட்டுப் பெண். இருவருக்கும் கர்நாடக எல்லை தாண்டி பொம்மசந்திரா பக்கம் ஒரே ஆய்வகத்தில் வேலை: எலிக் கருவிலிருந்து எடுத்த குருத்தணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, வளர்ப்பது. அவை மிதக்கும் திரவத்தைத் தினமும் மாற்ற வேண்டும். ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது. ஒரு நாள் விட்டால் என்ன என்று நான் சலித்துக்கொண்டேன். நீ பஸ் கம்பியைப் பிடித்தபடி பாடம் எடுத்தாய். இந்த அணு இதயமாகலாம், நரம்பாகலாம், தோலாகலாம். அவசரப்பட்டு எதுவாகவும் ஆகிவிடாமல் ஆக்ட்4, சாக்ஸ்2, நானாக் என்ற மூன்று மரபணுக்கள் காவல் இருக்கின்றன. ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு, உறுப்புகளை உண்டாக்கும் மரபணுக்களை அடக்கி வைக்கின்றன. அணு இரண்டாகப் பிரிந்தாலும் இரண்டும் பழையபடியே இருக்கும். ஆக்ட்4 அளவு கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு. நாம் ஊற்றும் திரவம் அந்தக் காவலுக்குத் துணை.

"ஏதோ ஒண்ணா ஆகறது சுலபம்டி. ஆகாம இருக்கத்தான் தினமும் வேலை செய்யணும்" என்றாய்.

கர்நாடகத்தில் பந்த் என்று பஸ்கள் எல்லையிலுள்ள ஜூஜூவாடியோடு நின்ற நாள். உறைய வைத்திருந்த அணு இருப்பு அந்த மாதம்தான் கெட்டிருந்தது. உயிரோடு மிஞ்சியவை இரண்டே தட்டுகள். நடந்தே போகிறேன் என்றாய். பைத்தியமா உனக்கு என்று திட்டிவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பினேன். வெயிலில் நீ தனியாக நடந்தாய். மறுநாள் அணுக்கள் திரட்சியாக, விளிம்பு மின்ன இருந்தன. உன் கால்கள் வீங்கியிருந்தன. படியேறினால் மூச்சு வாங்கியது. நடந்த அலுப்பு என்றாய். நம்பினேன்.

எட்டு மாதம் கழித்து கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது, உன் இதய வால்வு பழுது என்று. உனக்கு நாலு வருடமாகத் தெரியுமாம். ஏன் மறைத்தாய் என்று கட்டிலருகே நின்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா அன்னிக்கு என்னை நடக்க விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். உனக்குப் பதில் நான் நடந்திருப்பேன். அதை உன்னிடம் சொல்வதற்குள் அந்த வாரமே போய்விட்டாய்.

காரியம் முடிந்த அன்று உன் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீ என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். உங்கள் வீட்டுத் தெலுங்கில் அரைகுறையாகச் சொன்னேன். அந்த அணு இதயமாகக்கூட ஆகும் என்றும் உளறிவிட்டேன். அதற்கு அவர் கேட்டார்:

"அப்போ எம்பொண்ணுக்கு ஒண்ணு பண்ணியிருக்கக் கூடாதாம்மா?"

எலியுடையது, ஆரம்ப நிலை ஆராய்ச்சி என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். அந்தக் கேள்வியோடுதான் இன்றும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறேன். நீயாக இருந்தால் கோபமே இல்லாமல், அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு பதில் சொல்லியிருப்பாய். எனக்கு இன்னும் வரவில்லை.