பூபாலன் பார்த்து எடுத்த கண்டெய்னர்

ஐப்பசி 14, வியாழன்

ரிட்டயராகிவிட்டதால் நாளை கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். புத்தகங்களை வைக்க வடக்குத்து கிராமத்தில் உள்ள என் மனையில் பழைய கப்பல் கண்டெய்னர் ஒன்றை இறக்கியிருக்கிறேன். முப்பது வருடம் என்னோடு ஒரே ஷிப்டில் இருந்த பூபாலன்தான் சென்னைக்குப் போய், தனக்கொன்றும் எனக்கொன்றுமாகப் பார்த்து எடுத்து வந்தான்.

இன்று உள்ளே நின்று கதவைச் சாத்தினேன். கூரையெங்கும் வெளிச்சப் பொட்டுகள். பக்கத்து மனையில் இருக்கும் அவனுடைய கண்டெய்னருக்குள்ளும் நின்று பார்த்தேன். கும்மிருட்டு.

"நல்லதை நீ எடுத்துக்கினியாடா?" என்றேன்.

"நான் உன்னைவிட ரெண்டு மாசம் சீனியர்டா. குவார்ட்டர்ஸே அப்படித்தானே குடுத்தாங்க?" என்றான். சிரிக்கக்கூட இல்லை.

வெளியே தூறல் தொடங்கிவிட்டது. புத்தகங்களில் எவை சீனியர் என்று பார்த்து, ஓட்டை இல்லாத மூலையை அவற்றுக்கு ஒதுக்க வேண்டும். பூபாலன் போன மாதம் பரிசளித்த அகராதிதான் எல்லாவற்றிலும் ஜூனியர்.