முப்பதுக்கு இருபத்தொன்பது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் முதுகு வலி குறைந்துவிட்டதாக உன் மகள் சொன்னாள். சந்தோஷம். இங்கே அவளும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உடம்புக்கு மட்டும்தான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உன் மனைவி போனை வாங்கிக்கொண்டு அழுவாள். அதனால்தான் எழுதுகிறேன். கல்லூரியிலிருந்து உனக்கு வரப்போகும் கடிதத்துக்கு முன்னால் இது வந்து சேர வேண்டும். உன் மகளுக்கு எங்கள் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த இடம் ரத்தாகிவிட்டது. அதற்குக் காரணம் நான்.

பரீட்சைக்கு எழுபது, நேர்முகத் தேர்வுக்கு முப்பது என்பது உனக்கே தெரியும். அந்த முப்பது வேண்டும் என்று ஐந்து வருடத்துக்கு முன் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி என்பது தெரியாது. அதற்கு முன் பரீட்சையில் மட்டும் நூற்றுக்கு நூறு வாங்கி உள்ளே வந்த ஒருவன், சுவரைப் பார்த்துக்கொண்டே ஒரு அம்மாளிடம் புற்றுநோய் என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்து போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மனுஷத்தன்மைக்கும் கொஞ்சம் மதிப்பெண் வையுங்கள் என்று மேசையைத் தட்டிப் பேசினேன்.

இந்த வருடம் அறையில் மூன்று பேர் இருந்தோம். முதல்வர், அறுவை சிகிச்சைப் பேராசிரியர், ரத்த வங்கியிலிருந்து நான். பேராசிரியருக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'சீப்பு'. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தலை வாராவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. மூன்று பேரும் தனித்தனியாக முப்பதுக்குப் போட வேண்டும், சராசரிதான் கணக்கு.

காலையில் ஒரு பெண் வந்தாள். எங்கள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவரின் மகள். பரீட்சையில் அறுபத்தெட்டு, இந்த வருடத்தில் அதுதான் முதல் மதிப்பெண். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே சீப்பு ஒரு கிளிப்பை நிமிர்த்தி நகத்து அழுக்கை எடுத்து, அவள் விண்ணப்பத்தின் மேலேயே தட்டிக்கொண்டிருந்தார். முதல்வர் பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றபடி, "வீட்ல யாராவது டாக்டர் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "அப்புறம் இந்த ஆசை எங்கேருந்து வந்துச்சு?" என்று அவர் கேட்க, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கெட்ட செய்தி சொல்ல வேண்டும், நோயாளி அழுகிறார், என்ன செய்வாய் என்று. "நாற்காலிய இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காருவேன், மேடம். நின்னுக்கிட்டே சொன்னா, சொல்லிட்டு ஓடப் போறாங்கன்னு அவங்களுக்குத் தோணும்" என்றாள். ஐந்து வருடமாக நான் காத்துக்கொண்டிருந்த பதில் அது. இருபத்தாறு போட்டேன். முதல்வர் மூன்று, சீப்பு நான்கு. குறிப்பு எழுதும் இடத்தில், 'குரல் எடுபடவில்லை, தோற்றம் போதாது.' சராசரி பதினொன்று. மொத்தம் எழுபத்தொன்பது.

மதியம் உன் மகளின் முறை. சொந்தக்காரப் பிள்ளை என்பதால் விதிப்படி நான் எழுந்து வெளியே போய் நின்றேன். நாலு நிமிடத்தில் வந்துவிட்டாள். முகம் என்னவோ போல இருந்தது. "என்கிட்ட ஒண்ணுமே கேக்கல, அத்தை. வீட்லயும் உங்க அத்தை இப்படித்தான் மொறைப்பாங்களான்னு கேட்டாங்க. சிரிச்சாங்க. போகலாம்னுட்டாங்க" என்றாள். ஒரு மாதமாக ராப்பகலாகத் தயார் செய்தவள், தம்பி. பரீட்சையில் ஐம்பத்திரண்டுதான் என்பதால் இந்த அறையில்தான் தன்னைக் காட்ட முடியும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

மாலையில் பட்டியல் கையெழுத்துக்கு வந்தது. அவள் பெயருக்கு நேரே முதல்வர் இருபத்தொன்பது, சீப்பு இருபத்தொன்பது. காலியாக இருந்திருக்க வேண்டிய என் கட்டத்திலும் இருபத்தொன்பது. மொத்தம் எண்பத்தொன்று. இடம் கிடைத்தவர்களின் பட்டியல் எண்பதோடு முடிந்தது. "உங்க கட்டம் மட்டும் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று முதல்வர் பேனாவை நீட்டினார். தாளில் பிஸ்கட் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது.

பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று எழுதினால் நீ நம்புவாய். பார்த்துத்தான் போட்டேன்.

பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நீ சந்தோஷத்தில் போனில் பாடினாய். நானும் கேட்டுச் சிரித்தேன். பன்னிரண்டாம் நாள் அந்தச் சலவைப் பிரிவுக்காரர் எங்கள் வங்கிக்குத் துவைத்த கோட்டுகளைக் கொண்டுவந்தார். பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "அதுக்குப் பேச வரலன்னு சொல்லிட்டாங்களாம், மேடம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு கண்ணாடி முன்னாடி நின்னு கத்திக் கத்திப் பேசிப் பழகுது. தொண்டை கட்டிப் போச்சு" என்றார். கோபமே இல்லை அவருக்கு. கோட்டுகளை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அன்றே சேர்க்கை ஆணையத்துக்கு எழுதினேன். என் கட்டத்தில் இருப்பது என் மதிப்பெண் அல்ல, தெரிந்தே கையெழுத்திட்டேன் என்று. அனுப்பும் முன் உன் மகளிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரி வரை கேட்டாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல்வர் கூப்பிட்டு, புகாரை வாபஸ் வாங்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றதும், "நானாவா பண்ணேன்? உங்க தம்பி மூணு தடவை போன் பண்ணினார்" என்றார். நீங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அது உண்மையா என்று உன்னை நான் கேட்கவில்லை. நீயும் பதில் எழுத வேண்டாம்.

அன்றைய நேர்முக மதிப்பெண் எல்லாவற்றையும் ஆணையம் ரத்து செய்துவிட்டது. அடுத்த மாதம் எட்டாம் தேதி வேறு மூன்று பேர் வைத்து மறுபடி நடத்துகிறார்கள். முதல்வர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். சீப்பு வழக்கம்போல் தலை வாரிக்கொண்டு திரிகிறார். என்னிடமிருந்து துறைத் தலைமையை எடுத்துவிட்டார்கள். சரியாகத்தான் செய்தார்கள்.

அந்தப் பெண்ணிடம் நடந்ததை நானே சொல்ல வேண்டும் என்று சலவைப் பிரிவுக்குப் போனேன். நீராவியில் அப்பாவோடு நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "நீங்க நல்லா மார்க் போட்டீங்கன்னு தெரியும், மேடம். ஆனா அவங்க சிரிச்சப்ப நீங்க சும்மாதானே இருந்தீங்க?" என்றாள். கட்டிப்போன தொண்டையிலிருந்து வந்த குரல். எனக்கு நன்றாகவே எடுபட்டது. எட்டாம் தேதி வருவதாகச் சொன்னாள். எனக்காக இல்லை என்றும் சொன்னாள்.

உன் மகள் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வந்து, "நிஜமா கேள்வி கேட்டிருந்தா எனக்கு எவ்வளவு கெடச்சிருக்கும், அத்தை?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியல. அதத்தான் அவங்க எடுத்துக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளும் எட்டாம் தேதி போகிறாள். ஐம்பத்திரண்டை வைத்துக்கொண்டு இடம் கிடைப்பது கஷ்டம். அது தெரிந்துதான் போகிறாள்.

என்னோடு நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. எத்தனை வருடம் வேண்டுமானாலும் பேசாதே. அக்காவாக ஒன்றே ஒன்று கேட்கிறேன். புதுக் குழுவில் யார் யார் என்று யாரிடமும் விசாரிக்காதே. எட்டாம் தேதி காலையில் உன் மகளுக்கு மட்டும் போன் செய். புத்தி சொல்லாதே, அவள் பேசுவதைக் கேள். கேட்க நன்றாகப் பேசுகிறாள், தம்பி. அதை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

நீயும் உன் மனைவியும் நல்லபடி இருக்க வேண்டும்.

உன் அக்கா