பதில் ராசா

ஏப்ரல் 2, செவ்வாய். மழை.

உற்றார், உறவினர் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது: சீனாவைப் பிறப்பிடமாகவும், டோர்செட் பார்க் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினோராம் மாடியில் எங்கள் குசினியை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் மைக்ரோவேவ் அவர்கள் இன்று காலை, நேற்றைய புட்டைச் சூடாக்கிக்கொண்டிருக்கையில் ‘டப்’ என்ற ஓசையுடன் காலமானார். அன்னார் டோஸ்டரின் பாசமிகு அண்ணன். இறுதிக்கிரியை குப்பை அறையில்.

அம்மா: “உன்ர பகிடியை விட்டிட்டு வெளிக்கிடு. பஸ் போகப்போகுது.”

புதியது வாங்கும் வரை மதியச் சாப்பாடு பிளாஸ்கில்.

வரலாற்று வகுப்பு. பண்டைய உலகில் உரிமையில்லாமல் அரியணையில் ஏறியவர்கள். கட்டுரை எழுத ஆளுக்கு ஒரு திருடன். என் கூட்டாளி நிருவுக்கு, செத்த இளவரசனாக நடித்து நாடு பிடித்த பாரசீகப் பூசாரி. எனக்கு ஒரு தோட்டக்காரன். இசின் நகரம், கிட்டத்தட்ட நாலாயிரம் வருடம் முன். அந்தப் பக்கத்து வழக்கம்: கிரகணம் மாதிரிக் கெட்ட சகுனம் வந்தால் ராசாவை ஒளித்துவைத்து, யாரோ ஒரு அப்பாவியைப் பதிலுக்கு இருத்துவார்கள். கேடு அவன் தலையில். தவணை முடிந்ததும் அவனைக் கொன்றுவிடுவார்கள். ஒருமுறை இருத்தியது என்லில்-பானி என்ற தோட்டக்காரனை. ஆனால் செத்தது ராசா. அரண்மனையில், சூடான கஞ்சியை உறிஞ்சும்போது. தோட்டக்காரன் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆண்டான்.

எங்கள் ஆள்! நானும் தோட்டக்காரன்தானே. போன மாதம் ஒலிபெருக்கியில் அதிபரின் குரலில் அரைநாள் லீவு அறிவித்ததற்குத் தண்டனை, தமிழ் மன்ற அறைப் பூச்சாடிகளுக்குத் தண்ணீர்.

ஏப்ரல் 3, புதன். மழை, காற்று. குடை முறிந்தது.

மன்றத் தலைவர் ஆரூரன் அண்ணை. பன்னிரண்டாம் வகுப்பு. வாக்கெடுப்பில் தெரிவானவர். எதிர்த்து நின்ற எனக்கு நாலு வாக்கு (ஒன்று என்னுடையது). சில்லு வைத்த கதிரை அவருக்கு மட்டும்.

இன்று மன்ற வட்ஸ்அப் குழுவில் அவருடைய படத்துடன் போட்டேன்:

மரண அறிவித்தல். இசினைப் பிறப்பிடமாகவும், சில்லுக் கதிரையை வதிவிடமாகவும் கொண்ட மன்னர் ஆரூரன் அவர்கள் சூடான கஞ்சி குடிக்கையில் காலமானார். தகவல்: தோட்டக்காரன்.

நிறையச் சிரிப்பு முகங்கள். அண்ணையும் எழுதினார்: “டேய் கபில், என்ர செத்தவீட்டுக்கு வடையாவது போடுவியோ?”

நல்ல மனிசன். அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 4, வியாழன். ஈரம்.

நாளை வெள்ளி, சைவம். அதனால் இன்றே அம்மா மீனும் நண்டும் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க பிளாஸ்கில் ஊற்றித் தந்தா. மதியம் மன்ற அறை. அடுத்த வெள்ளி புத்தாண்டு விழா, அதற்கு ஒத்திகை.

ஆரூரன் அண்ணை மூக்கை உறிஞ்சினார். “என்னடா, கூழோ? ஒரு வாய் தா.”

கொடுத்தேன். பிளாஸ்க் மூடி நிறைய. ஒரே இழுவை.

சத்தம் வரவில்லை. வாய் திறந்திருந்தது, கண் தண்ணீர் ஓடியது, சத்தம் மட்டும் இல்லை. கதிரை பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் இடித்தது. நடிக்கிறார் என்று எல்லோரும் கைதட்டினோம். நானும்.

அம்புலன்ஸ். தொண்டை வீங்கிவிட்டதாம்.

நிரு என் சட்டையைப் பிடித்தான். “டேய்... நீ எழுதினது.”

பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பெருவிரலில் பிளாஸ்டர். அது ஒன்றுமில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி. முகில்.

பொறுப்பாசிரியர் என்னைப் பதில் தலைவர் ஆக்கினார். காரணம்: அண்ணையின் வரவேற்புரை எனக்கு முழுக்கப் பாடம், அவருடைய குரலிலேயே. நக்கலடித்து நக்கலடித்து வந்த பாடம். ‘பதில்’ தலைவர், கேள்விகளை நிருவிடம் கேட்கவும்.

நடைபாதையில் ஒரே மரியாதை. “நான் எழுதினால் நடக்கும்” என்று அடித்துவிட்டேன். கணக்குச் சோதனைக்கு ஒரு மரண அறிவித்தல் போடச் சொல்லி மூன்று பேர் கெஞ்சினார்கள்.

பள்ளி விட்டதும் தனியாகப் போய்க் கதிரையில் இருந்தேன். சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழும்பிப் போனமாதிரி. பின்னால் ஹீற்றர், அதுதான் என்று தொட்டுப் பார்த்தேன். ஹீற்றர் பச்சைத்தண்ணீராய்க் குளிர்ந்து கிடந்தது.

ஏப்ரல் 6, சனி. குளிர்.

அறிவித்தல் குழுவை விட்டு வெளியே போய்விட்டது. எங்கள் சனம் படத்தையும் ‘பிறப்பிடமாகவும்’ என்ற சொல்லையும் பார்த்தால் போதும், மிச்சத்தை வாசிப்பதில்லை. பக்கத்து ஊர் அஜக்ஸிலிருந்து யாரோ ஆஸ்பத்திரியில் நிற்கும் ஆரூரன் அண்ணையின் தாயாருக்கே அழைத்து, உடலைப் பார்வைக்கு எந்த ஹோலில் வைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்த அன்ரி பிறகு எனக்குப் போன் எடுத்தா. “உவன் தோட்டக்காரன் எண்டுறது ஆரெண்டு தெரியுமோ, ராசா? என்ர பிள்ளை உயிரோடை கிடக்கிறான்.”

“தெரியாது, அன்ரி.”

“நீயாவது அவன்ர இடத்தைப் பாத்துக்கொள், ராசா.”

இங்கே எல்லாப் பெடியளும் ராசாதான். கடைக்கார அங்கிளுக்கும் நான் ராசா. இன்றைக்கு மட்டும் கழுத்தின் பின்புறம் குளிர்ந்தது.

பின்னேரம் ஆரூரன் அண்ணையின் நம்பரிலிருந்து குரல்பதிவு. ஒன்பது விநாடி. மூச்சு மட்டும். மூன்று தரம் கேட்டேன். ஏன் மூன்று தரம்?

ஏப்ரல் 8, திங்கள். முகிலோ முகில்.

கிரகணம். பள்ளி இல்லை. அம்மா: “முடியுமட்டும் ஒண்டும் வாயிலை வைக்காதை. பல்கனிக்கும் போகாதை.” போனேன்.

சூரியனைக் காணவில்லை. மூன்று மணி தாண்டி, யாரோ குமிழைத் திருகியமாதிரி வெளிச்சம் இறங்கியது. தெருவிளக்குகள் எரிந்தன. கார் தரிப்பிடத்தில் கத்திக்கொண்டிருந்த கடற்காகங்கள் ஒரேயடியாக வாயை மூடின. எதிர்க் கட்டடத்துப் பல்கனிகளில் கறுப்புக் கண்ணாடி போட்ட முகங்கள், எல்லாம் என் பக்கம் திரும்பியிருப்பதுபோல.

கிரகணம்: வந்துவிட்டது.
ராசா: ஒளித்துக் கிடக்கிறார்.
கதிரையில்: நான்.
அப்போ கேடு ஆர் தலையில்?

போன் அதிர்ந்தது. குரல்பதிவு. மூச்சு, பிறகு மணலில் தேய்த்தமாதிரி ஒரு சொல்லின் தொடக்கம்: “ஆறீ...”

தன் பெயரைச் சொல்லப் பார்த்தாரா? ஆரூரன் என்று? இருக்கும். இருக்கட்டும்.

கதவைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வாயில் கூழ் மணம்.

ஏப்ரல் 11, வியாழன். திரும்ப மழை.

அண்ணை வீட்டுக்கு வந்துவிட்டார். போய்ப் பார்த்தேன். ஒரு சுற்று மெலிவு. இன்னும் சில கிழமைக்கு வாய் திறக்கக்கூடாதாம். பழைய குரல் அப்படியே வருமா என்பதை டொக்டர் சொல்லவில்லை. போனில் எழுதிக் காட்டினார்.

“நாளைக்கு நீயே பேசு. என்னைவிட நல்லா என்னை மாதிரிப் பேசுவாய்.”

சிரித்தேன். அவர் திரும்ப எழுதினார்.

“ஆறீட்டுது எண்டு சொன்னனீ. குடிச்சுப் பாத்தோ சொன்னனீ?”

பக்கத்தில் அன்ரி தயிர் அடித்துக்கொண்டிருந்தா.

“ஓம் அண்ணை. எனக்கு ஆறித்தான் இருந்தது.”

எழுதினார்: “அப்ப என்ர அவசரம்தான்.”

ஏப்ரல் 12, வெள்ளி.

விழா முடிந்தது. அவருடைய உரை, அவருடைய குரல், என் வாய். முன்வரிசையில் அண்ணை. என் ஒவ்வொரு சொல்லுக்கும் அவருடைய உதடு சத்தமில்லாமல் அசைந்தது. கடைசி வரியில் அவர் நிறுத்தினார், எனக்கும் குரல் நின்றது. சனம் உருக்கம் என்று நினைத்துக் கைதட்டியது. அன்ரி ஓடிவந்து கட்டிப்பிடித்தா. “என்ர ராசா.”

சரி. இது இந்த நாட்குறிப்புக் கொப்பிக்கு மட்டும்.

நான் எழுதினால் ஒன்றும் நடக்காது. அறிவித்தல் போட்டும் கணக்குச் சோதனை நடந்தது, எனக்குத்தான் சரியாக நடக்கவில்லை. அன்றைக்குக் கூழை ஊற்றும்போதே பெருவிரல் வெந்து பொக்குளம் போட்டது. “ஆறீட்டுதோடா?” என்று அண்ணை கேட்டார். அறிவித்தல் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. ஒரு துள்ளுத் துள்ளுவார், ஒரு கிழமைக்குச் சொல்லிச் சிரிக்கலாம், அவ்வளவுதான் என் சதி. “ஆறீட்டுது மன்னா, ஒரே இழுவையா இழுங்கோ” என்றேன். நான் ஒரு சொட்டும் வாயில் வைக்கவில்லை.

இசினில் அந்தக் கஞ்சியை ஆர் கொண்டுபோய்க் கொடுத்தது என்று நான் வாசித்த எதிலும் இல்லை.

அண்ணைக்கு எழுதினேன்: “நான் குடிச்சுப் பாக்கேல்லை. சூடெண்டு தெரியும். தோட்டக்காரன் ஆரெண்டு அன்ரிக்கும் சொல்லுங்கோ.” அழித்தேன். திரும்ப எழுதினேன். அனுப்பினேன்.

வாசித்துவிட்டார் என்ற நீலச் சரி இரண்டு விழுந்துவிட்டது.

பதில் இல்லை.