கைதட்டலுக்கு அப்புறம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று போனில் உன் குரலை வைத்தே தெரிந்துகொண்டேன், ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பது குரலில் தெரியாது, அதை நீதான் எழுத வேண்டும். அண்ணன் வீட்டிலும் எல்லோரும் நலம். அவன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, பேச்செல்லாம் விசிலாக வருகிறது, சிரித்தால் கோபித்துக்கொள்கிறாள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. தானே சரிசெய்வதாக அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் அடியில் பெரிய வாளியாக வைத்திருக்கிறேன்.

பயிற்சி வகுப்புகளில் சொல்வது வயல் வரை போய்ச் சேருகிறதா என்று நீ எழுதும் அறிக்கையைப் பற்றிக் கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நான் உனக்குச் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவேன், கடைசியில் இருவரும் குழாயைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். "அம்மா, மண் மாதிரி வகுப்பை மட்டும் அறிக்கையிலிருந்து எடுத்துடட்டுமா? நடத்துறது என் அம்மா, அதனால எடுத்தேன்னு சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்று கேட்டாய். உன் குரல் இறங்கியிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. போய்ப் பார்த்தேன்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். மாதாமாதம் விரிவாக்கப் பணியாளர்கள் எங்கள் பயிற்சி மையத்துக்கு வருகிறார்கள், நாங்கள் கற்றுக்கொடுப்பதை விவசாயிகளிடம் கொண்டுபோவது அவர்கள் வேலை. வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு தாள், அதில் சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம், ஒன்றைக் குறித்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். எனக்கு எப்போதும் சிரிக்கிற முகம்தான். மண் மாதிரி வகுப்புக்குக் கைதட்டலும் உண்டு. பரிசோதனைக்கு மண் எடுப்பவர் நிலத்தின் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பல இடங்களில் எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும், எருக்குழி ஓரத்து மண்ணைத் தொடவே கூடாது. இதை இப்படியே சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அதற்காகத்தான் அந்த ஜோக். "எருக்குழி ஓரத்து மண்ணு, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரிங்க. நல்லதெல்லாம் அவர் தட்டுலதான் விழும். அவர் கன்னத்தைப் பார்த்துட்டு, அந்த வீட்டுல எல்லாருமே நல்லா சாப்பிடுறாங்கன்னு நினைச்சுடாதீங்க." கூடமே அதிரும். பின்வரிசையில் மேசையைத் தட்டுவார்கள். இந்த வகுப்பைத்தான் மாதிரி வகுப்பாக வீடியோ எடுத்து எல்லா மையங்களுக்கும் அனுப்பப்போவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். நான் மூக்குக்கண்ணாடிக்குப் புது ஃபிரேம்கூட மாற்றிவிட்டேன்.

அந்த வகுப்பு வயலில் பலிக்கவில்லை என்று நீ சொன்னதை நம்பாமல் நான் போய்ப் பார்க்கவில்லை. நம்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் பணியாளர்களில் எப்போதும் தொப்பியோடு அலைகிற ஒருவன் இருக்கிறான், தொப்பி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், என் வகுப்பில் முதலில் கைதட்டுகிறவன் அவன்தான். அவன் பார்க்கும் ஊர்களில் ஒன்றுக்கு அவனோடு போனேன். தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அம்மாள். என்னை ஆபீஸில் இருந்து வந்தவர் என்று மட்டும் சொல்லி வைத்தான். நீ அனுப்பிய ஆட்கள் எப்படிக் கேட்டார்கள் என்று சொன்னாயே, விளக்கம் கேட்காமல், சரியா தப்பா என்று முகத்தில் காட்டாமல், மண்ணை எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பது. நானும் அப்படியே நின்றேன். சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அந்த அம்மாள் மண்வெட்டியை எடுத்தாள். முழுத் தோட்டத்தையும் தாண்டி நேராக எருக்குழிப் பக்கம் போனாள். அதன் ஓரத்தில் ஒரே வெட்டு. கறுப்பாக, பொலபொலவென்று ஒரு கை மண். "இதுதாங்க மாப்பிள்ளை மண்ணு. இந்தத் தம்பிதான் சொல்லிக்கொடுத்துச்சு. நல்லதெல்லாம் இதுலதான் இருக்காம். ஆபீசுக்குப் போற மண்ணு கொஞ்சம் நல்லதா இருக்க வேணாமா?" என்றாள். பிறகு என் ஜோக்கை எனக்கே சொன்னாள். நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நான் கன்னத்தை உப்புகிற இடத்தில் உப்பி. என்னைவிட நன்றாகச் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் செடிகளைப் பார்த்தேன். இலையெல்லாம் வெளிறிக் கிடந்தது. மண்ணில் சத்து ஏராளம், உரம் வேண்டாம் என்று பரிசோதனை முடிவு வந்ததாம், அதை நம்பி அவள் எதுவும் போடவில்லை. பரிசோதித்தது எருக்குழியை. பட்டினி கிடந்தது தோட்டம்.

தொப்பி தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டான். அங்கேயே மூன்று பேரும் வாளியை எடுத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்து மறுபடி மண் எடுத்தோம். விஷயம் புரிந்ததும் அந்த அம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "அட, மாப்பிள்ளையை விட்டுட்டு மத்தவங்களைப் பாருங்கன்னு அர்த்தமா? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன, வாய் வலிக்குமா?" என்று அவனை ஒரு பிடி பிடித்தாள். திரும்பி வரும்போது அவன், "நான் முதல்ல ஜோக்கைச் சொன்னேன் மேடம். எல்லாரும் சிரிச்சாங்க. சரி, புரிஞ்சுடுச்சுன்னு வந்துட்டேன்" என்றான். நானும் அப்படித்தானே ஒவ்வொரு மாதமும் வகுப்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி, "இத்தனை வருஷமா நானுந்தான் உன் ஜோக்குக்குச் சிரிக்கிறேன், நீ சொன்னதுல ஒண்ணாவது செஞ்சிருக்கேனா? என்கிட்ட வந்து கேட்டிருந்தா உன் பொண்ணுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லையே" என்றார். சிரித்தேன், கொஞ்சம் அழுதேன், இரண்டும் உன்னால். சின்ன வயதில் சோறு ஊட்டும்போது கதை சொன்னால் நீ ஒரு கதையையும் முடிய விட்டதில்லை. ராஜா ஊர் திரும்பினார் என்றால் அப்புறம்? எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்றால் அப்புறம்? எனக்குக் கை வலிக்கும், கதை தீர்ந்துபோயிருக்கும், உனக்கு வாய் மட்டும் திறந்தபடி இருக்கும். அப்புறம் தூங்கினாங்க, சாப்பிடு, என்று அதட்டியிருக்கிறேன். எங்கள் மையத்தில் இத்தனை வருஷங்களில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார்கள். பிடித்ததா என்று கேட்டார்கள். கைதட்டலோடு கதை முடிந்தது. எங்கோ தொலைவில் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஊர் வயல் வரை ஆள் அனுப்பி, நீதான் கேட்டாய். இதை நினைத்தால் எனக்கு அவமானம் வரும் என்றுதான் நீ பயந்தாய். வந்தது வேறு. பேருந்தில் பக்கத்தில் இருந்தவரிடம், என் மகள் என்ன வேலை செய்கிறாள் தெரியுமா என்று நானாகவே பேச ஆரம்பித்துவிட்டேன். பாவம், அவர் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

இயக்குநரிடம் போய் வீடியோ வேண்டாம் என்றேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதானே குறிக்கிறார்கள் என்றார். நான் தக்காளித் தோட்டத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு மெதுவாக, "அறிக்கை எழுதுறது உங்க பொண்ணுதானாமே, ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்" என்றார். என் பொண்ணு என்பதால்தான் சொல்ல மாட்டேன் என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது இதுதான் முதல்முறை. வீடியோவுக்கான வகுப்பை இனி வேறு யாருக்காவது கொடுப்பார்கள், கொடுக்கட்டும். புது ஃபிரேம் வீணாகவில்லை, வெளிறிய இலை நன்றாகவே தெரிகிறது.

இந்த மாத வகுப்பில் ஜோக் இல்லை. மையத்துக்குப் பின்னால் இருக்கும் நிலத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போய் மண்வெட்டியைக் கையில் கொடுத்தேன். பாதிப் பேர் விவசாயியாக நிற்க, மற்றவர்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் சும்மா நின்றேன். வெயில். "என்ன மேடம், வீட்டுல ஏதாவது பிரச்சினையா, இன்னிக்கு சிரிக்கவே வைக்கலையே" என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். அன்று தாள்களில் பெரும்பாலும் சும்மா இருக்கிற முகம். ஓர் அழுகிற முகமும் இருந்தது, யாருக்கோ கையில் கொப்புளம் வந்திருக்கும். பேருந்துக்கு ஓடினவர்களை நிறுத்தி, அடுத்த வகுப்புக்கு முன்னால் உங்கள் ஊர்களுக்கு நானே வருவேன், மண் எடுத்துக் காட்டச் சொல்வேன் என்றேன். யாரும் கைதட்டவில்லை. தொப்பி மட்டும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

ஆகவே, எடுக்காதே. எழுது. ஏதோ ஒரு மையம் என்று பூசி மெழுகாதே, எங்கள் மையம் என்றே எழுது, எங்கள் வகுப்பு என்றே எழுது. ஆனால் அம்மாவாக இல்லை, பயிற்சியாளராக ஒன்று சொல்கிறேன். பணியாளர்கள் வயல் வரை எதையும் கொண்டுபோகவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே. கொண்டுபோனார்கள். நான் கொடுத்ததை ஒரு சொட்டும் சிந்தாமல், கன்னத்தை உப்புகிற இடம் உட்பட, கடைசித் தோட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர்கள் கையில் நான் எதைக் கொடுத்தேன் என்பதுதான் கேள்வி. இவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோகிறவர்களை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று யாராவது உன் அறிக்கையைக் காட்டிச் சொன்னால், நீ விடக் கூடாது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைய நன்றாக இருக்க வேண்டும். அவரிடம் சொல், ஜோக்கில் வந்தவர் அவர் இல்லை, அவர் கன்னத்தைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. கழுத்தை வளைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்காராதே, போன முறை வந்தபோதே தோள் இறங்கியிருந்தது. அறிக்கையைத் தந்துவிட்டேன் என்று ஒரு வரியில் முடித்துவிடாதே. அப்புறம் என்ன ஆயிற்று என்று எழுது.

உன்னை நினைத்துத் தலை நிமிர்ந்து நடக்கும்,
அம்மா