வண்டிக்கு எது இடது

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் இந்த வயதில் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். நீ அதைவிட ஒரு படி மேலாகவே இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. சித்தப்பா வராமல் கல்யாணம் இல்லை என்று எழுதியிருந்தாய், அவன் வந்தால் நான் வர மாட்டேன் என்று போன மாதம் நான் சொன்னதற்கு அது பதில் என்பது புரிந்தது. இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் உன்னை நிறுத்தியது நான்தான், அதையும் மறுக்கவில்லை. கோபத்தில் பதில் எழுதாமல் இருக்கவில்லை, எழுத என்னிடம் ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. அதற்கு முன் வீட்டுச் செய்தி. உன் மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பேச்சு குறையவில்லை. பள்ளியில் தலைமை ஆசிரியர் நாற்காலியை என்னைவிட ஆறு வருடம் இளையவருக்குக் கொடுத்துவிட்டார்கள், நானே போய் வாழ்த்து சொன்னேன், அவர் எழுந்து நின்றார், நான் உட்காரவில்லை. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது.

விடுமுறையில் பொழுது போகவில்லை என்று பின்கட்டு நடையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பழைய இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் வண்டியை வெளியே எடுத்தேன். ஒன்பது வருடமாக அதை ஏன் தொடவில்லை என்பது உனக்கு அரைகுறையாகத் தெரியும், முழுவதையும் சொல்லிவிடுகிறேன். உன் சித்தப்பா இரண்டு நாளைக்கு என்று வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது வண்டி ஒரு சிலிண்டரில் நொண்டிக்கொண்டு வந்தது. வழியில் மக்கர் செய்தது, வலது கார்புரேட்டரை மட்டும் கழற்றித் துடைத்து மாட்டினேன், இடது பக்கத்தைத் தொடவே இல்லை என்றான். நான் வழக்கம்போல முன்சக்கரத்துக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இடது பக்கத்துத் திருகுகளில்தான் புதுக் கீறல் இருந்தது. அன்று வீட்டில் அவன் மாமனார் வீட்டார் உட்பட ஒரு கூட்டமே இருந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவனைப் பொய்யன் என்றேன். "நான் வந்து காட்டறேண்ணா" என்று கிட்டே வந்தான், வண்டியில் கை வைக்காதே என்று தடுத்தேன். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன்தான்.

புது பேட்டரி, புது பெட்ரோல் போட்டு உதைத்ததில் பழைய நொண்டலோடு கிளம்பியது. இரண்டு சைலன்சர் குழாய்களிலும் தண்ணீர் தெளித்தேன், ஒன்றில் சுர்ரென்று ஆவியானது, மற்றதில் அழுத பிள்ளையின் மூக்குபோல வழிந்தது, அந்தப் பக்கம் எரியவில்லை. இரண்டு ப்ளக்கையும் இடம் மாற்றிப் போட்டேன், குறை ப்ளக்கோடு போகவில்லை. ப்ளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில்களையும் மாற்றினேன், அதே பக்கம்தான் செத்துக் கிடந்தது. அந்தப் பக்கத்து ப்ளக்கைக் கழற்றினால் காய்ந்து போயிருந்தது. பெட்ரோல் உள்ளே போகவில்லை, கார்புரேட்டரில்தான் கோளாறு. அதன் அடிக் கிண்ணத்தைக் கழற்றும்போது திருகு மாட்டும் காது உடைந்தது. அவன் அன்று முறுக்கிய முறுக்கு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் இடது பக்கத்துக் கிண்ணம் என்று கேட்டு வாங்கி வந்தேன். பொருந்தவில்லை. குழாய் வாய் எதிர்த் திசையில் இருந்தது.

மறுநாள் போய் அந்தக் கடைக்கார அம்மாளிடம், இடது கேட்டால் வலதைத் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், வெளியில நிக்கிற அந்த வண்டியில ஏறி உக்காருங்க" என்றார். எதற்கு என்றேன். "உக்காருங்க, சொல்றேன்." உட்கார்ந்தேன். "இப்ப உங்க இடது கையைத் தூக்குங்க." தூக்கினேன். "அதான் சார் வண்டிக்கு இடது. நீங்க எதிர்ல குந்திக்கிட்டு எது இடதுன்னு கேட்டா, வண்டி என்ன உங்களுக்காகத் திரும்பி உக்காருமா?" வண்டியின் சொந்தக்காரர் என் பழைய மாணவராம், "ஆடியில் இடவல மாற்றம், எங்களுக்கு சார்தான் நடத்தினாரு, ரெண்டு மார்க் கேள்வி" என்று அந்த அம்மாளிடம் பெருமையாகவே சொன்னார். அவர் கேலி செய்யவில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தூக்கிய கையை இறக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

வலது கிண்ணம் சரியாகப் பொருந்தியது. பெட்ரோல் போகும் ஜெட்டின் துளையில் துடைத்த துணியின் நூல் ஒன்று சிக்கியிருந்தது, எடுத்தேன், மூன்றாவது உதையில் இரண்டு சிலிண்டரும் ஒன்றாகப் பேசின. ஆகவே அவன் வலதைத்தான் தொட்டிருக்கிறான். சொன்னபடிதான் செய்திருக்கிறான். வேலையை அரைகுறையாகச் செய்தான் என்பது வேறு, அந்தக் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. வீடு மாறும்போது என் புத்தகப் பெட்டியை மழையில் விட்டதும் நிற்கிறது. ஆனால் பொய் சொன்னான் என்பது இல்லை. உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "வந்து காட்டட்டுமேன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள், காய்ந்த துணிகளை மடிக்கப் போய்விட்டாள்.

நேற்று அவனுக்கு போன் செய்தேன். அவன் மனைவி எடுத்தாள், என் குரலைக் கேட்டதும் யார் செத்துப் போனார்கள் என்று கேட்டாள். யாரும் சாகவில்லை, அவனைக் கூப்பிடு என்றேன். வந்தான். நீ வலதைத்தான் தொட்டிருக்கிறாய் என்றேன். "அதத்தான அன்னைக்கும் சொன்னேன்" என்றான். எப்படித் தெரிந்தது என்று கேட்டான், கடைக்கார அம்மாள் சொன்னதைச் சொன்னேன். "அந்தம்மாவுக்கு ஒரு கும்பிடு" என்றான். உன் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்றேன். "வரேன். ஆனா ஒண்ணு. பொய்யன்னு எல்லார் முன்னாடியும் சொன்ன. இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லிடு. போன்ல காதோட சொல்லி முடிச்சுக்க முடியாது" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ராத்திரி சாப்பாட்டில் உன் அம்மா யோசித்தாயிற்றா என்று கேட்டாள், ஆயிற்று என்றேன். இன்று காலை மறுபடி போன் செய்து சரி என்று சொன்னேன். அவன் "சரிண்ணா" என்றான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த "அண்ணா" காதில் விழுந்தது. அதைப் பற்றி மேலே எழுத எனக்கு வராது.

எனவே சித்தப்பா, சித்தி, அவன் மாமனார் வீட்டார், அன்று இருந்த ஒருவர் விடாமல் பட்டியலில் சேர்த்துக்கொள். மாப்பிள்ளையிடம் விஷயத்தை நீயே சொல்லிவிடு, மற்றவர் வாய் வழியாகப் போனால் அதற்குக் கால் கை முளைத்துவிடும். குளிரில் தலையில் ஈரத்தோடு வெளியே போகாதே. வேலையை விடப்போவதாக எழுதியிருந்தாயே, அடுத்தது கையில் கிடைக்கும்வரை விடாதே. நீயும் அவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் முழுதாகக் கேட்டு நெடுங்காலம் நன்றாக வாழுங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று செய். விருந்துக்கு முன்னால் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி வை. மைக் வேண்டாம். பேசி முடித்ததும் யாரும் கை தட்டக் கூடாது என்று முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி வை.

இப்படிக்கு,
உன் அப்பா