பாதை எழுதாத வீடு

மார்ச் 4
பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. அந்த மூச்சிலேயே கட்சிக்காரர்களுக்கு இரண்டு கிரயப் பத்திரம் வரைந்து முடித்தேன். மாலையில் கணவரின் அண்ணன் வந்தார். தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வீட்டை எங்களுக்கே விற்கிறாராம். "வெளியாள் வந்தா எனக்குத் தூக்கம் வராது. பத்திரத்த நம்ம வக்கீலம்மாவே எழுதட்டும். ஃபீஸ், ஒரு டீ!" எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 9
மனை வரைபடம் பார்த்தேன். அந்த வீட்டுக்குத் தெருமுகமே இல்லை. மூத்தவர் வீட்டு ஓரமாக நடந்து, அவர் கேட்டைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அப்படி நடக்க நமக்கு உரிமை உண்டென்று எதிலும் எழுதவில்லை.
காலையில்தான் ஒரு கட்சிக்காரரை அதட்டினேன்: "பாதையை எழுதி வாங்காம கையெழுத்துப் போடாதீங்க சார். வாய்ப்பேச்சு கோர்ட்டுல நிக்காது."

மார்ச் 10
கணவரிடம் சொன்னேன். "எங்கண்ணன்கிட்டயா எழுதி வாங்கச் சொல்ற? அவன் தோள்ல ஏறி வளந்தவன் நான்."
அண்ணனைச் சந்தேகப்படவில்லை. என்றைக்காவது வரப்போகும் ஒரு சின்னச் சண்டையைத்தான். சொல்ல வாயெடுத்தேன், பாப்பா அழுதாள். நல்லதாப் போச்சு.

மார்ச் 13
வேறு வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்றேன் கணவரிடம். "வீட்லயே வக்கீல வெச்சுக்கிட்டா? ஊரே சிரிக்கும்."

மார்ச் 17
பாதைக்கென்று ஒரு பத்தி எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். பாப்பா மடியில் தூங்குகிறாள், கால் மரத்துவிட்டது. ஊருக்கெல்லாம் கேக்கத் தெரியுது. எனக்குன்னு கேக்க ஏன் நாக்கு எழல?

மார்ச் 20
பத்தியோடு அச்செடுத்துக்கொண்டு போனேன். மூத்தவர் வாசித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். அக்கா சிரித்தார். "என்ன தங்கச்சி, எங்க வாசல்ல நடக்க உனக்குப் பத்திரம் வேணுமா? அப்ப பாப்பாவைத் தூக்க நான் எதுல கையெழுத்துப் போடணும்?"
கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"பழைய மாதிரிப் பத்திரத்துலேருந்து சும்மா வந்துடுச்சுக்கா" என்றேன். அந்தப் பத்தியை என் பேனாவாலேயே அடித்தேன்.

மார்ச் 24
பதிவு முடிந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

ஜூன் 2
பின்வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம்; கேட்டுக்குப் புதுப் பூட்டு. திருட்டு பயமாம். எங்களுக்கொரு சாவி? "எதுக்கும்மா? கூப்பிடு, எந்நேரமானாலும் வந்து திறக்கிறேன்." மூத்தவர் அன்பாகத்தான் சொன்னார்.

ஜூன் 11
பாப்பாவுக்கு மறுபடி காய்ச்சல், உடம்பு கொதிக்கிறது. டாக்டரிடம் போக அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். மூத்தவர் வீட்டுக்குள்ளே டிவி சத்தம். கோபமாக ஒலித்துவிடக் கூடாதே என்று குரலை இனிப்பாக்கிக்கொண்டு, இன்னொரு முறை கூப்பிட்டேன்.